கப்பலைக் கவிழ்த்த கணவாய்: ஐம்பது ஆண்டு பிந்திய ஒரு திருத்தம்

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய தந்தையார் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டபோது கொண்டுசென்ற பழைய கடதாசிகளுக்கிடையே ஒரு பத்திரிகை நறுக்கு இருந்ததாம். 'கப்பலைக் கவிழ்த்த கணவாய்' என்பது தலைப்பு. அதன் கீழே என் பெயர். தாத்தா வாசித்துக் காட்டிய கதையைப் பத்து வயதுப் பேரன் பாடசாலையில் சொல்ல, ஆசிரியை நம்ப மறுத்துவிட்டாராம். "ஐயா, இது உண்மையில் நடந்ததா? என் மகனுக்கு என்ன பதில் சொல்வது?" என்று கேட்டிருந்தார்.

அந்தக் கட்டுரையை நான் எழுதியது 1974ஆம் ஆண்டில். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. அதே கேள்வியை அதே ஆண்டிலேயே ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்தேன், அதை நிறைவேற்றவில்லை. எனவே இந்தப் பதில் ரொறன்ரோப் பையனுக்கு மட்டும் உரியதன்று.

முதலிற் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1874ஆம் ஆண்டு யூலை 4ஆம் திகதி இலண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகையில், இந்தியப் பத்திரிகைகளுக்கு வந்த செய்தியாக ஒரு நிகழ்ச்சி வெளியாயிற்று. 'பேர்ள்', அதாவது முத்து என்ற பெயர்கொண்ட 150 தொன் பாய்க்கப்பல் ஒன்று மொரீசியஸ் தீவிலிருந்து ரங்கூனுக்கு நெல் ஏற்றிவரப் போகிறது. வழியில் காலித் துறைமுகத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வங்கக் கடலுக்குள் நுழைகிறது. மூன்றாம் நாள் காற்று விழுந்து, கப்பல் அசையாமல் நிற்கிறது. மே 10ஆம் திகதி மாலை, அரை மைல் தொலைவில் பழுப்பு நிறமான பெரும் உருவம் ஒன்று கடலிலிருந்து எழுகிறது. உடல் மட்டுமே கப்பலின் அரைவாசி நீளம். கப்பல் தலைவர் ஜேம்ஸ் ஃபிளொயிட் துப்பாக்கியை எடுக்கிறார். மாலுமிகளில் ஒருவரான நியூபவுண்லாந்துக்காரர், அது கணவாய், சீண்டினால் கப்பலையே கவிழ்த்துவிடும் என்று தடுக்கிறார். தலைவர் கேட்கவில்லை, சுட்டுவிடுகிறார். காயம்பட்ட பிராணி கப்பலை நெருங்கி, மரம்போன்ற கரங்களை வீசிப் பற்றிச் சரித்துவிடுகிறது. கொழும்பிலிருந்து காலியைச் சுற்றிச் சென்னைக்குச் சென்றுகொண்டிருந்த 'ஸ்றத்தோவன்' என்ற நீராவிக் கப்பலின் பயணிகள் இவற்றையெல்லாம் கண்ணாற் கண்டு, நீரில் தத்தளித்தவர்களை மீட்கிறார்கள்.

நிகழ்ந்த இடமும் துல்லியமாகச் சொல்லப்பட்டிருந்தது: வட அகலக்கோடு 8 பாகை 50 கலை, கிழக்கு நெடுங்கோடு 84 பாகை 5 கலை. திருகோணமலைக்குக் கிழக்கே ஏறத்தாழ 300 கிலோமீற்றர்.

சரியாக நூறு ஆண்டு கழிந்திருந்தது. ஞாயிறு இதழின் ஒரு மூலையை நிரப்ப, 'நூறாண்டுகளுக்கு முன்' என்று ஏதேனும் எழுதித் தரும்படி கேட்டார்கள். ஆங்கில நூலொன்றில் இந்தக் கதை அகப்பட்டது. அதைத் தமிழாக்கி, 'நமது கடலில் நடந்தது' என்று ஒரு வரியும் சேர்த்துக் கொடுத்தேன். 'ரைம்ஸ்' பத்திரிகையை நான் பார்க்கவில்லை. பார்த்ததுபோல எழுதினேன்.

இதழ் வெளிவந்த அந்த வாரத்திலேயே திருநெல்வேலியிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. "வசதிப்பட்டால் வந்து போகவும்" என்று ஒரே வரி. எழுதியவர் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். என் ஊரவர் பலருக்குக் கற்பித்தவர். பெயர் வேண்டாம், மாஸ்ரர் என்றே சொல்லிவிடுகிறேன். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கிய ஆண்டு அது. பரமேஸ்வராச் சந்தியைத் தாண்டி ஓர் ஒழுங்கைக்குள் அவருடைய வீடு.

நான் போன நாள் வெள்ளிக்கிழமை. மாஸ்ரர் திருநெல்வேலிச் சந்தையிலிருந்து ஓர் ஊசிக் கணவாய் வாங்கி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமையில் மச்சம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவருடைய துணைவியார் சொல்லிவிட்டபடியால், கிணற்றடியில் வாழையிலையை விரித்து அதன்மேல் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு சவர அலகு. திண்ணையில் ஒரு பழைய உலகப் படப்புத்தகம்.

"தம்பி, நீர் இதை எங்கை எடுத்தனீர்?" என்று கேட்டார். சொன்னேன். கோபிக்கவில்லை. மூன்று விரலை நீட்டினார்.

"மூண்டு கேள்வி. அந்தக் கப்பல் போன வழி சரியோ? அந்தச் சீவனுக்கு அவ்வளவு பலம் இருக்கோ? உடம்பு எங்கை?"

அன்று அவர் சொன்னவற்றோடு, பின்னர் உலகம் அறிந்துகொண்டவற்றையும் சேர்த்து, அந்த மூன்று கேள்விகளுக்கும் இங்கே விடை எழுதுகிறேன்.

வழியைப் பற்றிய கேள்வி முதலாவது. மாஸ்ரர் படப்புத்தகத்தைத் திறந்து அடிமட்டத்தை என் கையில் தந்தார். பாக்குநீரிணை ஆழமற்றது, பெரிய நீராவிக் கப்பல்கள் அதனூடாகச் செல்வதில்லை. எனவே கொழும்பிலிருந்து சென்னைக்குப் போகும் கப்பல் தெற்கே காலியைச் சுற்றி, கிழக்குக் கரையோரமாக மேலேறவேண்டும். இலங்கையின் கிழக்கு விளிம்பு ஏறத்தாழ 82 பாகையில் முடிகிறது. சென்னை 80 பாகைக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது. பொத்துவில் கடலைத் தாண்டிய கப்பல் அங்கிருந்து மேற்கே சாயவேண்டுமேயொழியக் கிழக்கே போகவேண்டிய தேவையில்லை. 'பேர்ள்' மூழ்கியதாகச் சொல்லப்பட்ட 84 பாகை 5 கலை, அந்தக் கிழக்கு விளிம்பிலிருந்தே 200 கிலோமீற்றருக்கு மேல் அப்பாலுள்ளது. ரங்கூனுக்குப் போகும் பாய்க்கப்பல் அங்கே நிற்கலாம். சென்னைக்குப் போகும் நீராவிக் கப்பல் இரண்டு மைல் தொலைவில் நின்று அதைப் பார்த்திருக்க முடியாது. சாட்சி சொல்ல வந்தவர் நிகழ்ந்த இடத்தில் இருக்கவில்லை. அடிமட்டத்தோடு இரண்டு நிமிடம் செலவழித்திருந்தால் எனக்கும் இது புலப்பட்டிருக்கும்.

"ரங்கூனுக்கு அரிசிக்குப் போன வல்வெட்டித்துறை ஆக்களை நீர் கேட்டிருக்கலாமே" என்றார் மாஸ்ரர். உண்மைதான். வல்வெட்டித்துறையார் தாமே கட்டிய பாய்க்கப்பல்களில் தலைமுறை தலைமுறையாக வங்கக் கடலைக் கடந்தவர்கள். அவர்கள் கட்டிய 89 அடி நீளமான 'அன்னபூரணி' 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. கடலறிந்தவர்கள் ஒரு கூப்பிடு தொலைவில் இருக்க, கடலைப் பற்றி எழுத நான் ஓர் ஆங்கில நூலைத் தேடிப் போயிருந்தேன்.

அடுத்தது அந்தப் பிராணியின் பலம். மாஸ்ரர் கணவாயை நீளவாக்கில் அறுத்தார். அன்று கிணற்றடியிற் கண்டது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. உறைபோன்ற தசைப்பை, அதற்குள் நீரை இழுத்து, தலைக்குக் கீழேயுள்ள குழாயினாற் பீச்சி அது பின்னோக்கிப் பாய்கிறது. முதுகுப்புறத்தில் ஓட்டுக் கணவாய்க்கு இருப்பதுபோன்ற வெள்ளை ஓடு இல்லை. இறகு வடிவான, கண்ணாடி போன்ற மெல்லிய தகடு மட்டுமே. எட்டுக் கரங்கள், அவற்றிலும் நீண்ட, இரையை எட்டிப் பிடிக்கும் இரண்டு நீள்கரங்கள். நடுவே கிளியின் சொண்டு போன்ற அலகு. இதயம் மூன்று: இரண்டு பூக்களுக்குக் குருதியைத் தள்ள, ஒன்று உடலுக்குத் தள்ள. மூளை ஒரு வளையம். அதன் துளையினூடாகவே உணவுக்குழாய் செல்கிறது. "பெரிய துண்டாய் விழுங்கினால் மூளை நசியும். அதுதான் கடிச்சுக் கடிச்சுத் தின்னுது" என்று சிரித்தார்.

இந்த அமைப்பையே பெருக்கினால் வருவது ஆழ்கடலின் இராட்சதக் கணவாய். ஆனால் பெருக்கம் நாம் நினைப்பதுபோன்றதன்று. நன்கு அளக்கப்பட்ட மிகப்பெரிய பெண் கணவாய்கள் நுனிமுதல் நுனிவரை 12, 13 மீற்றர். ஆண் அதனிலும் சிறியது. அந்த நீளத்திற் பெரும்பங்கு அந்த இரண்டு நீள்கரங்களுக்கே உரியது. உடலுறை இரண்டு மீற்றரைச் சற்றே தாண்டும். நிறை ஏறத்தாழ 275 கிலோகிராம், அதாவது நாலைந்து மனிதருடைய நிறை. கண் மாத்திரம் வியப்புக்குரியது: விட்டம் 25 சதமமீற்றருக்கும் மேல், ஒரு சாப்பாட்டுக் கோப்பையின் அளவு.

சந்தைக் கணவாய் இறுகிய தசை, வேகமாக நீந்துவது. இராட்சதக் கணவாயின் தசைக்குள் அமோனியம் குளோரைட் நிறைந்திருக்கிறது. அது கடல்நீரிலும் இலேசானது. நீந்தாமலே மிதந்துநிற்க இயற்கை செய்துகொடுத்த ஏற்பாடு. அதனாலேயே அதன் இறைச்சி மூத்திர நெடியடிக்கும். செத்தபின் உடல் மேலே மிதந்துவரும். அதனாலேயே தசையும் தளர்ந்தது. இதன் குருதியில் ஒட்சிசனைச் சுமப்பது செம்பு கலந்த நீல நிறப் பொருள். குளிர்ந்த நீருக்கே அது ஏற்றது, வெப்பம் கூடினால் அதன் திறன் குன்றிவிடும். மே மாதத்து வங்கக் கடலின் மேல்நீர் ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ். அந்த வெந்நீரில் வெயில் காய்ந்துகொண்டு கிடந்த ஆழ்கடற் பிராணி, குண்டடிபட்டபின் அரை மைல் விரைந்துவந்து கப்பலைச் சரித்தது என்பது நடவாத காரியம். மூச்சுத் திணறிச் சாகும் நிலையிலேயே அது மேலே வந்திருக்கும்.

மூன்றாவது கேள்வி எல்லாவற்றிலும் பெரியது: உடம்பு எங்கே?

இராட்சதக் கணவாயின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியின் வரலாறுதான். நூற்றாண்டுக் கணக்காக மாலுமிகள் சொன்னார்கள்; கற்றோர் நம்பவில்லை. 1853இல் டென்மார்க் கரையில் ஒதுங்கிய ஓர் உடலை ஊரார் வெட்டிப் பயன்படுத்திவிட, அலகு மட்டும் எஞ்சியது. ஸ்ரீன்ஸ்ரப் என்ற விலங்கியலாளர் அந்த அலகை ஆராய்ந்து, 1857இல் 'ஆர்க்கிரியூதிஸ்' என்று பெயரிட்டார். 1861இல் கனேரித் தீவுகளுக்கு அருகே 'அலெக்ரன்' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒரு பெரிய கணவாயைச் சுருக்கிட்டு இழுத்தபோது, வாற்பகுதி மாத்திரமே அறுந்து கையில் வந்தது. 1873 ஒக்டோபரில் நியூபவுண்லாந்து மீனவர்கள் தங்கள் தோணியைப் பற்றிய கணவாயின் நீள்கரத்தைக் கோடரியால் வெட்டி எடுத்துவந்தார்கள். எஞ்சிய துண்டே 19 அடி. மோசஸ் ஹார்வி என்ற பாதிரியார் அதை வாங்கினார். அடுத்த சில வாரங்களில் வலையில் அகப்பட்ட இன்னொன்றின் தலையையும் கரங்களையும் தம் வீட்டுக் குளியற்றொட்டிச் சட்டத்தில் தொங்கவிட்டுப் படம் எடுப்பித்தார். உலகம் நம்பியது.

இங்கே நிறுத்திக் கொஞ்சம் சிந்தியுங்கள். நியூபவுண்லாந்துச் செய்தி உலகெங்கும் பரவியது 1873 இறுதியிலும் 1874 தொடக்கத்திலும். 'பேர்ள்' கதை வந்தது 1874 யூலையில். அந்தக் கதையிற் கணவாயை இனங்கண்டு எச்சரிப்பவர் யார்? ஒரு நியூபவுண்லாந்துக்காரர்! பத்திரிகை வாசித்த எவரோ, மேசையில் இருந்தபடியே அவரைக் கப்பலில் ஏற்றியிருக்கிறார் என்றே நான் கருதுகிறேன். துறைமுகம் உண்மை, வழித்தடம் உண்மை, நெல் வணிகம் உண்மை, பிராணியும் உண்மை. நடந்ததாகச் சொன்னது மட்டும் பொய். பொய்ச்செய்தி எப்போதும் அப்படித்தான் கட்டப்படுகிறது. முக்காற்பங்கு மெய்யில்லாமல் அது நிற்காது.

உயிரோடு உலாவும் இராட்சதக் கணவாயைக் கடலாழத்தில் முதன்முதலாகப் படம் பிடித்தது 2004 செப்ரெம்பர் 30ஆம் திகதி. யப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அப்பால், 900 மீற்றர் ஆழத்தில், சுனெமி குபொதெராவும் கியோய்ச்சி மோரியும் இரை கட்டி இறக்கிய கமரா 500க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. 2012இல் அதே கடலில் அசையும் படமும் கிடைத்தது. 2013இல் வெளியான மரபணு ஆய்வு, உலகக் கடல்களிலெல்லாம் இருப்பது ஒரே இனம் என்று காட்டியது. நோர்வே, ஸ்பெயினின் வடகரை, நியூபவுண்லாந்து, தென்னாபிரிக்கா, யப்பான், நியூசிலாந்து, தென் அவுஸ்திரேலியா என்று உடல்கள் ஒதுங்கிய இடங்களின் பட்டியல் நீள்கிறது. வெப்ப வலயக் கடல்களில் மிக அரிது. கப்பல் கப்பலாக மக்கள் கடந்துகொண்டிருந்த வங்கக் கடலில் இப்படியொரு தாக்குதல் நடந்ததற்கு, அந்த ஒரு பத்திரிகைச் செய்தியைத் தவிர ஓர் உறிஞ்சியோ ஓர் அலகோ சான்றாக இல்லை.

அப்படியானால் நமது கடலாழத்தில் ஒன்றுமில்லையா? உண்டு. அதைத்தான் நான் 1974இல் எழுதியிருக்கவேண்டும்.

'பேர்ள்' கதைக்கு ஏழாண்டுகளின் பின், 1881இல், 'இன்வெஸ்ரிகேற்றர்' என்ற அளவைக் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. இந்தியக் கரைகளை அளப்பது அதன் தொழில். அதில் அமர்த்தப்பட்ட மருத்துவர்கள் இயற்கை ஆய்வாளர்களாகவும் இருந்து, ஆழத்தில் வலையிழுத்து வந்ததையெல்லாம் கல்கத்தா அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே சேர்ந்த கணவாய்களை எட்வின் குட்றிச் ஆராய்ந்து 1896இல் வெளியிட்ட அறிக்கையிற் புதிய இனம் ஒன்று இடம்பெற்றது. இன்று அதன் பெயர் 'ஸ்ரிக்மற்றோரியூதிஸ் ஹொய்லி'. கணவாயாராய்ச்சியில் பெயர்பெற்ற வில்லியம் ஹொய்ல் என்பவரின் நினைவாக வைத்த பெயர். இந்து சமுத்திரத்திலும் பசிபிக்கிலும் வெப்ப வலய ஆழங்களில் வாழ்வது. உடலுறை ஒரு சாண் அளவே. கப்பலைக் கவிழ்க்காது, ஒரு சட்டியைக்கூட நிரப்பாது.

ஆனால் அதன் முகத்தைப் பாருங்கள்! இடக் கண் வலக் கண்ணிலும் இருமடங்கு பெரியது. பழைய ஆய்வாளர்கள் இது பிறவிக் குறையோ என்று திகைத்தார்கள். இதே குடும்பத்துக் கணவாய்களைக் கலிபோர்னியாக் கடலில் 26 ஆண்டுகளாக எடுத்த 150க்கும் மேற்பட்ட நிழற்படச் சுருள்களை ஆராய்ந்து, 2017இல் விடை சொன்னார்கள். இவை தலையைச் சரித்து, ஒரு பக்கமாய்ச் சாய்ந்தே மிதக்கின்றன. பெரிய இடக் கண் மேல்நோக்கி, மங்கி இறங்கும் சூரிய ஒளியில் நிழலாடும் இரையைத் தேடுகிறது. சிறிய வலக் கண் கீழ்நோக்கி, இருளில் மினுங்கும் பிராணிகளின் ஒளியைத் தேடுகிறது. மேலேயுள்ள ஒளியும் கீழேயுள்ள ஒளியும் வேறு. ஆகவே இரண்டுக்கும் வேறுவேறு கண். உடலெங்கும் மணி பதித்தாற்போல ஒளியுறுப்புகள்; கீழிருந்து பார்ப்பவருக்குத் தன் நிழல் தெரியாதபடி அவற்றை ஒளிரச் செய்து மறைந்துகொள்கிறது.

திருகோணமலைக் கடலில் திரியும் ஸ்பேர்ம் திமிங்கிலங்களின் இரை பெரும்பாலும் ஆழ்கடற் கணவாய்களே. 1980களின் தொடக்கத்தில் 'ரியூலிப்' என்ற சிறு பாய்ப்படகில் வந்த ஆய்வாளர்கள் இலங்கைக் கடலில் அந்தத் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். திமிங்கிலத்தின் வயிற்றிற் சீரணிக்காமல் எஞ்சுவது கணவாயின் அலகு. கரையொதுங்கும் அம்பருக்குள்ளும் அந்த அலகுகள் காணப்படும். உடம்பு எங்கே என்ற மாஸ்ரரின் கேள்விக்கு நமது கடல் வைத்திருந்த பதில் அதுதான்.

அன்று விடைபெறும்போது, "திருத்தம் போடுவீரோ?" என்று கேட்டார். "கட்டாயம் போடுறன், மாஸ்ரர்" என்றேன். அலுவலகத்துக்குப் போனதும் வெட்கம் வந்தது. முதன்முதலாகப் பெயர் போட்டு வந்த கட்டுரை, பலர் பாராட்டியிருந்தார்கள். ஆசிரியரிடம் நான் வாய் திறக்கவேயில்லை. மாஸ்ரர் பின்னர் என்னைக் கண்ட போதெல்லாம் சுகம் விசாரித்தார். திருத்தத்தைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

பின்வந்த ஆண்டுகளில் "உடம்பு எங்கே?" என்ற கேள்வியை நான் வேறு வீடுகளின் வாசலில் நின்று எழுதவேண்டி வந்தது. அங்கே உடல் கிடைக்காமை, ஒன்றும் நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகவில்லை. கேட்பவர்கள் தாய்மாராக இருந்தார்கள். எந்தக் கேள்வியை எங்கே, எவ்வாறு கேட்பது என்பதை ஒரு தொழிலாகக் கற்றுக்கொண்டேன் என்றால், அதன் அரிச்சுவடி அந்தக் கிணற்றடியில் தொடங்கியது. அதனாலேயே அந்த முதற் பிழை இன்னும் உறுத்துகிறது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது மாஸ்ரரும் தென்மராட்சிக்குப் போனார். படப்புத்தகம் வீட்டிலேயே கிடந்தது. மீசாலையில் உறவினர் வீடொன்றில் காலமானார். யப்பானியர் எடுத்த படத்தைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ரொறன்ரோவிலுள்ள தம்பிக்கு: உங்கள் ஆசிரியை சொன்னதே சரி. தாத்தாவிடம் குறையில்லை, குறை என்னுடையது. ஆனால் இரண்டு கண்ணும் இரண்டு அளவான அந்தச் சின்னக் கணவாயைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள். அது பொய்யில்லை.

அன்று போட்டிருக்கவேண்டியதை இன்று போடுகிறேன்.

திருத்தம்: 1974இல் 'கப்பலைக் கவிழ்த்த கணவாய்' என்ற தலைப்பில் நான் எழுதிய கட்டுரையில், 1874 மே 10ஆம் திகதி வங்கக் கடலில் 'பேர்ள்' என்னும் கப்பலைக் கணவாய் ஒன்று கவிழ்த்ததாகக் குறிப்பிட்டிருந்தேன். அது நடந்த செய்தியன்று. ஆராயாமல் எடுத்தெழுதிய கதை. தவறுக்கு வருந்துகிறேன். சுட்டிக்காட்டியவர், திருநெல்வேலி மாஸ்ரர்.